ஜூலியா கேமரூன் அம்மையார்: புகைப்படமும் வணக்கமும்

சிவாஜிநகரில் நம் அன்பர்களின் இல்லங்களுக்குச் செல்லுங்கால், சுவரில் பகவன் புத்தரின் திருவுருவமும், அதனருகே பாபாசாகேப் அம்பேத்கர், பண்டிதமணி அயோத்திதாசர் ஆகியோரின் படங்களும் மாலையுடன் விளங்கக் காண்கிறோம். பல இல்லங்களில் அவற்றின் கீழே காலஞ்சென்ற தாய் தந்தையரின் படமும் உண்டு. புத்தரின் உருவம் சிற்பியின் உள்ளத்திலிருந்து தோன்றியது. பெற்றோரின் படமோ அவ்வாறன்று. ஒரு நாள், ஒரு வேளையில், உயிரோடு எதிரே அமர்ந்திருந்தவரின் முகத்திலிருந்து ஒளி தானே எழுதிச் சென்ற எழுத்து அது. இயந்திரம் பிடித்த படத்தின் முன் கைகூப்புவது தன்மத்துக்கு ஒக்குமோ என்று இளைஞர் சிலர் நம்மை வினவுகின்றனர். அதற்கு நூல்களிலிருந்து பிரமாணம் அடுக்குவதினும், புகைப்படம் பிடிப்பதையே வணக்கமாகக் கொண்டு வாழ்ந்த ஒருவரின் சரிதத்தைக் கூறுதல் நலமென எண்ணினோம். அச்சரிதத்தில் நம் மக்களின் வியர்வையும் கலந்திருக்கிறது. ஆகையால் அதை நாம் அறிந்திருத்தல் கடமையுமாகும்.

அவர் ஜூலியா மார்கரெட் கேமரூன் அம்மையார். கேமரூன் என்பது கணவர் குடும்பத்தின் பெயர். காமிராவுக்கும் அப்பெயருக்கும் சம்பந்தம் ஏதுமில்லை. பெயரைக் கேட்டவுடன் அவ்வாறு நினைப்போர் உளராதலின் இதை முதலிலேயே சொல்லிவிட்டோம்.

அம்மையார் 1815-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் கல்கத்தா நகரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பேட்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர். தாய் பிரெஞ்சு வழியினர். சிறுபிராயத்தைப் பெரும்பாலும் பிரான்சு தேசத்தில் பாட்டியாரிடம் கழித்தார். உடன்பிறந்த பெண்மக்கள் யாவரும் அழகிற் பெயர்பெற்றவர். ஜூலியா மட்டும் அழகில்லாதவர் என்று உறவினரால் பேசப்பட்டார். அழகை வாழ்நாளெல்லாம் தேடியவர் அவர்தாம்.

1836-ஆம் ஆண்டு உடல்நலம் வேண்டித் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றபோது இருவரைச் சந்தித்தார். ஒருவர் தென்திசை விண்மீன்களை ஆராய அங்கு வந்திருந்த வானசாஸ்திரி ஜான் ஹெர்ஷல். வெள்ளி உப்பினால் உண்டான படம் வெளிச்சத்தில் கறுத்து அழியாதபடி நிலைநிறுத்தும் 'ஹைப்போ' என்னும் உப்பின் குணத்தைக் கண்டறிந்தவர் அவரே. நம் ஸ்டூடியோக்காரர்கள் இருட்டறையில் நெடுங்காலம் வழங்கிய அந்தச் சொல் அவர் வழி வந்தது. பிற்காலத்தில் அம்மையார் இந்தியாவிலிருந்தபோது, அப்போது புதிதாய்த் தோன்றியிருந்த புகைப்படங்களின் மாதிரிகளை ஹெர்ஷலே அவருக்கு அனுப்பிவைத்தார். அவர் கண்ட முதற் புகைப்படங்கள் அவைதாம். மற்றொருவர் சார்லஸ் ஹே கேமரூன், இருபது வயது மூத்தவர், சட்ட அறிஞர். 1838-ல் இவரைக் கல்கத்தாவில் அம்மையார் மணந்தார்.

இந்தக் கணவரைப் பற்றி நாம் சற்று நின்று பேசவேண்டும். இந்தியாவில் இவர் மெக்காலேயோடு சட்டக் கமிஷனில் அமர்ந்தார். அக்கமிஷன் வரைந்த தண்டனைச் சட்டமே பின்னர் 1860-ல் சட்டமாகி 2024 வரை நம்மை ஆண்டது. அதற்கும் முன்னரே, கோல்புரூக் என்பவருடன் இலங்கைக்கு அனுப்பப்பட்டு அத்தீவின் ஆட்சிமுறையை ஆராய்ந்தவர் இவர். அவ்விருவரின் அறிக்கைகளையொட்டி, 'இராஜகாரியம்' என்ற பெயரால் சாதிக்குச் சாதி விதிக்கப்பட்டிருந்த கட்டாய ஊழியத்தை அரசாங்கம் ஒழித்தது. இது போற்றத்தக்க காரியமே. ஆயினும் ஊழியம் ஒழிந்த அம்மலைநாட்டில் அடுத்து எழுந்தவை காப்பித் தோட்டங்கள். கேமரூனும் அங்கே நிலம் வாங்கித் தோட்ட முதலாளியானார். அத்தோட்டங்களில் உழைக்கச் சென்றவர் யார்? திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் முதலிய சீமைகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டவர்கள். கங்காணிமார் பின்னே நடந்து, தோணியில் மன்னாருக்குக் கடந்து, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாய் ஏறிய ஏழைத் தமிழ்மக்கள். வழியில் காலராவுக்கும் பசிக்கும் பலியானோர் பலர். அவர்களுள் பெரும்பகுதியினர் சாதியால் தாழ்த்தப்பட்ட நம் முன்னோரே.

1848-ல் கேமரூன் குடும்பத்தார் இங்கிலாந்து சேர்ந்தனர். பன்னிரண்டாண்டு கழித்து ஒயிட் என்னும் தீவில் பிரெஷ்வாட்டர் என்ற ஊரில் வீடு வாங்கி, இலங்கையிலுள்ள தம் தோட்டத்தின் நினைவாக அதற்கு டிம்போலா எனப் பெயரிட்டனர். அண்டையில் குடியிருந்தவர் அரசவைக் கவிஞர் டென்னிசன். குடும்பத்தின் வருவாயில் பெரும்பங்கு இலங்கைக் காப்பியை நம்பியிருந்தது.

1863-ஆம் ஆண்டு டிசம்பரில், தாயின் தனிமையைப் போக்க எண்ணிய மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாக அளித்தனர். அம்மையாருக்கு அப்போது வயது 48. அறுவரைப் பெற்று, பிறர் பிள்ளைகளையும் எடுத்து வளர்த்து, தம் வாழ்வு முடிந்ததென்று பிறர் கருதும் பருவத்தில் அவர் மாணவியானார். ஆசிரியர் ஒருவருமில்லை. நிலக்கரி வைத்திருந்த கொட்டில் இருட்டறையாயிற்று. கோழிகள் வாழ்ந்த கூண்டு வெளிச்சம் புகும் கண்ணாடி வீடாயிற்று. முறையான பள்ளியின்றிக் கற்ற எமக்கு இச்சரிதத்தின் இப்பகுதி மிக இனிக்கிறது.

அக்காலத்துப் புகைப்படத் தொழில் இக்காலத்தது போல் விரல்நுனி வேலையன்று. பெரிய கண்ணாடித் தகட்டைத் துடைத்து, ஈதரில் கரைத்த வெடிபஞ்சுக் கரைசலாகிய கொலோடியத்தை அதன்மேல் மெல்லிய படலமாக வார்த்து, வெள்ளி நைட்ரேட் நீரில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் காமிராவில் பொருத்திப் படம் பிடித்து, உடனே இருட்டறைக்கு ஓடி உருவத்தை வெளிக்கொணர வேண்டும். படலம் உலர்ந்தால் தகடு பாழ். தூசி விழுந்தாலும் பாழ். அப்பால் கிணற்றுநீர் குடங்குடமாகக் கொணர்ந்து அலசவேண்டும். வெள்ளி நைட்ரேட் பட்ட கையும் உடையும் கருகிக் கறைபடும். அம்மையாரின் கைகள் எந்நேரமும் கறுத்தேயிருந்தன. வீட்டின் மேசைவிரிப்புகளும் தப்பவில்லை. எதிரே அமர்ந்தவரோ பல நிமிடங்கள் அசையாதிருத்தல் வேண்டும்.

1864 ஜனவரியில் ஆனி பில்பாட் என்ற சிறுமியின் படம் அவருக்கு முதன்முதலாகச் சித்தித்தது. மகிழ்ச்சி தாளாமல் அக்குழந்தைக்குப் பரிசளிக்க வீடெங்கும் ஓடிப் பொருள் தேடினாராம். படத்தை அச்சிட்டு, சட்டமிட்டு, அன்று மாலையே சிறுமியின் தந்தையிடம் சேர்ப்பித்தார்.

அது முதல் பதினோராண்டு காலம் அவர் செய்த வேலை வியப்புக்குரியது. மற்றவர்கள் முகத்தின் ஒவ்வொரு மயிரும் தெரியக் கண்ணாடியைத் திருகிக் கூர்மைப்படுத்துவர். அம்மையார் உருவம் தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இடத்தில் நிறுத்திவிடுவார். ஆகவே அவர் படங்களில் கன்னமும் கூந்தலும் மூடுபனியில் கலந்தது போலிருக்கும். இருளிலிருந்து முகமொன்று எழுந்து வருவது போன்ற தோற்றம் உண்டாகும். புகைப்படப் பத்திரிகைகள் நகைத்தன. தொழிலறியாத கிழவியின் கந்தலென்றே எழுதாக்குறையாக எழுதின. அவர் பொருட்படுத்தவில்லை. லண்டன் தென்கென்சிங்டன் அரும்பொருட்சாலை 1865-லேயே அவர் படங்களை வாங்கியது. 1868-ல் அங்கேயே இரண்டு அறைகளைப் படம் பிடிக்க ஒதுக்கியும் கொடுத்தது. அதுவே இப்போது விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் என வழங்குகிறது. பெர்லின் நகரக் கண்காட்சியில் 1866-ல் தங்கப்பதக்கமும் கிடைத்தது.

அம்மையார் கிறிஸ்துமார்க்கத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். மாதா மரியாளையும் குழந்தையையும், தேவதூதரையும், அருட்குணங்களையும் உருவங்களாக்கிப் படம் பிடித்தார். பெருமக்களை எதிரே அமர்த்தும்போது தம் ஆன்மா முழுவதும் அவர்க்குக் கடமை செய்ய முயன்றதாகவும், அவ்வாறு பிடித்த படம் ஏறக்குறைய ஒரு பிரார்த்தனையே வடிவெடுத்தது போன்றதென்றும், 1874-ல் எழுதி முற்றுப்பெறாமல் விட்ட தம் வரலாற்றுக் குறிப்பில் கூறியிருக்கிறார். வேறு மார்க்கத்தவர் சொல்லாயினும் நாம் இதைத் தள்ளவேண்டுவதில்லை. எதிரேயுள்ள ஒருவரை ஐந்து நிமிடம் வேறு நினைவின்றிப் பார்த்தல் எளிதா? நம் மார்க்கத்தில் ஸதி என்றும் கடைப்பிடி என்றும் சொல்லப்படுவது யாது? ஒன்றை அதுவாகவே, சிதறாத மனத்தோடு நோக்குதலன்றோ? அவருடைய பழைய நண்பர் ஹெர்ஷல் 1867-ல் எழுபத்தைந்து வயதில் அமர்ந்த படத்தை நோக்குக. தலைமயிரைக் கழுவி வெண்ணுரைபோல் பரப்பச்செய்து, கறுப்புத் துணி போர்த்தி, ஒளியை ஒருபுறமிருந்து விழவிட்டார். வானத்தைப் பார்த்துப் பார்த்து முதிர்ந்த இரு கண்கள் நம்மை நோக்குகின்றன. டென்னிசன், கார்லைல், டார்வின் ஆகியோரும் இவ்வாறே அவர்முன் அமர்ந்தனர்.

ஆனால் பெருமக்களின் படங்களைக் காட்டிலும் எம் உள்ளத்தைத் தொடுபவை வேறு. மாதா மரியாளாக அவர் நிறுத்தியது எந்தச் சீமாட்டியையும் அன்று; வீட்டில் பணிசெய்த மேரி ஹில்லியர் என்னும் உள்ளூர்ப் பெண்ணை. தட்டுக் கழுவிய கையில் குழந்தையை ஏந்தி அவள் நின்றாள். ஊரார் அவளை மேரி மடோன்னா என்றே அழைக்கலாயினர். மற்றொரு பெண் மேரி ரயன். லண்டனுக்கருகில் தாயோடு பிச்சையெடுத்து நின்ற ஐரிஷ் குழந்தை. அம்மையார் வீட்டிற்கு அழைத்துவந்து எழுத்தறிவித்து வளர்த்தார், பணியும் செய்வித்தார். அவளுடைய படத்தைக் கண்காட்சியில் கண்டு உள்ளம் பறிகொடுத்த ஹென்றி காட்டன் என்ற இளைஞர் 1867-ல் அவளை மணந்து இந்தியாவுக்கு அழைத்துவந்தார். இவர் யாரென்று எண்ணுகிறீர்கள்? அஸ்ஸாம் மாகாணத்தின் சீப் கமிஷனராயிருந்து, தேயிலைத் தோட்டக் கூலிகளுக்கு ஊதியம் உயரவேண்டுமென வாதாடித் தோட்ட முதலாளிகளின் பகையைத் தேடிக்கொண்டவரும், 1904-ல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவருமான சர் ஹென்றி காட்டனே அவர். பிச்சைக்காரச் சிறுமியின் முகத்தை ஒருவர் மதித்து நோக்கியதன் பயன் எங்கெங்கோ சென்றது. இதை அதிசயமென்று நாம் பெருக்கிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னோம்.

இந்நிலையில் இலங்கையில் காப்பிச் செடியின் இலையில் துருப்போன்ற ஒரு நோய் தோன்றியது. 1869-ல் தலைகாட்டிய அந்தப் பூஞ்சை சில ஆண்டுகளில் தோட்டங்களை அழிக்கத் தொடங்கிற்று. அம்மையாரின் இரசாயனங்களுக்கும் கண்ணாடிகளுக்கும் செலவு மிகுதி. படங்களை விற்றுக் கடனை அடைக்க முயன்றும் இயலவில்லை. 1875-ஆம் ஆண்டு அக்டோபரில் இருவரும் இலங்கைக்குக் கப்பலேறினர். கணவருக்கு எண்பது வயது. இரண்டு சவப்பெட்டிகளையும் உடன்கொண்டு சென்றனர் என்றும், அவற்றுள் பீங்கான் கண்ணாடிச் சாமான்களை அடைத்திருந்தனர் என்றும் கூறுவர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தோர்க்குக் கொடுக்கக் காசின்றித் தம் புகைப்படங்களையே கொடுத்தார் என்ற செய்தியும் உண்டு.

அவர்கள் தங்கிய ஊர்களில் ஒன்று களுத்துறை. மகன்களுள் ஒருவர் அங்கே அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார். இலங்கை யாத்திரை செய்த நம் அன்பர்கள் களுகங்கை ஆற்றின் கரையிலுள்ள போதி மரத்தையும் வெண்ணிறத் தூபியையும் நினைவுகூர்வர். அவ்வூரேதான். 1877-ல் மலர்களைத் தீட்டும் ஓவியர் மேரியன் நார்த் அங்கு விருந்தினராக வந்தபோது, சுவரெல்லாம் புகைப்படங்கள் நிறைந்திருந்ததை எழுதிவைத்திருக்கிறார். ஒரு மனிதனின் முதுகழகைக் கண்டு மயங்கிய அம்மையார், அவனைத் தோட்டக்காரனாக அமர்த்தும்படி மகனை வற்புறுத்தினாராம். அவருக்குத் தோட்டம் ஏதுமில்லை. அவனுக்கோ தோட்டக்காரன் என்னும் சொல்லின் பொருளே தெரியாது. நார்த் இதை நகைச்சுவையாக எழுதினார். எமக்கு நகைப்பு வரவில்லை.

இங்கிலாந்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களைப் பிடித்தவர் இலங்கையில் பிடித்தவற்றுள் இன்று எஞ்சியவை சுமார் முப்பதுதான். வெப்பத்தில் தகட்டின் ஈரம் விரைவில் உலரும். இரசாயனங்களும் கடல் கடந்தே வரவேண்டும். அம்முப்பதிலும் சில நெஞ்சை நிறுத்துகின்றன. களுத்துறைக் குடியானவர்கள் என்ற தலைப்புடைய 1878-ஆம் ஆண்டுப் படத்தில், வயோதிகர் ஒருவரும் இளம்பெண்ணும் பிறரும் காணப்படுகின்றனர். பெண்ணுக்கு வயது பன்னிரண்டென்றும், முதியவர் தம்மை அவள் தந்தை என்கிறார் என்றும், தமக்கு நூறு வயதென்று சொல்கிறார் என்றும் அதில் குறிப்பிருக்கிறது. வயதைக் கேட்டவர் பெயரைக் கேட்டு எழுதவில்லை. அவர்கள் பேசிய மொழி சிங்களமா தமிழா என்பதும் எழுதப்படவில்லை. கவிஞர்க்கும் வானசாஸ்திரிக்கும் செலுத்திய அதே நோக்கைத்தான் இங்கும் செலுத்தியிருக்கிறார். முகங்களில் கண்ணியம் குறையவில்லை. அதை மறுத்தல் நியாயமன்று. ஆனால் பெயர் இல்லை.

நாம் ஆலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த நாளில், ஆண்டு விழாவொன்றில் எல்லோரையும் நிறுத்திப் படம் பிடித்தார்கள். சட்டமிட்டு மாட்டியபோது நாற்காலியில் அமர்ந்திருந்த ஒன்பது பேருக்கும் பெயரும் பதவியும் அச்சிட்டிருந்தன. பின்னால் நான்கு வரிசையாக நின்றவர்க்கு வாய்த்தது தொழிலாளர்கள் என்ற ஒரே சொல். அப்படத்தில் எம் முகம் தெளிவாகவே விழுந்திருந்தது. ஆகையால் களுத்துறைப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அம்முதியவரின் பெயரைத் தேடிக் கண் படத்தின் அடிக்குச் செல்கிறது.

அம்மையாரைக் குற்றவாளியாக்குவது எம் நோக்கமன்று. அவர் காலத்துத் துரைமக்களில் எத்தனை பேர் கூலியாளின் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தனர்? பணிப்பெண்ணைத் தெய்வத்தாயாக நிறுத்தத் துணிந்த உள்ளம் சிறிய உள்ளமன்று. ஆயினும் கண்ணாடித் தகட்டுக்கும் வெள்ளி உப்புக்கும் பணம் காப்பித் தோட்டத்திலிருந்து வந்தது. அத்தோட்டத்தை அறுபது ரூபாய்க்கும் எழுபது ரூபாய்க்கும் கடன்பட்ட கைகளே வெட்டிக் கொத்தி வளர்த்தன என்று சொன்னால் தொகையில் பிழை நேரலாம்; கடன்பட்ட கைகள் என்பதில் பிழையில்லை. அம்மையார் செய்த வணக்கத்துக்கு எண்ணெய் வார்த்தவர்கள் அவர்கள். விளக்கைப் போற்றுவோர் எண்ணெயை மறந்து பேசுவதை நாம் கண்டிருக்கிறோம். மைத்திரி என்று பகவன் உபதேசித்தது கண்ணோடு நின்றுவிடுவதன்று. எதிரே நிற்பவன் எவன், எங்கிருந்து வந்தான், உண்டானா என்று கேட்குமளவும் செல்வது.

வினவிய இளைஞர்க்கும் இவ்விடத்திலேயே விடை கூறிவிடுவோம். அமராவதிச் சிற்பங்களில் முதற்காலத்துச் சிற்பிகள் பகவனின் உருவத்தைச் செதுக்காமல், திருவடிச் சுவடும் வெறும் ஆசனமும் போதிமரமுமே செதுக்கினர். அடியார் அச்சுவடுகளை வணங்கினர். கல்லை வணங்கியதாக அவர்கள் எண்ணவில்லை; அவ்வழியே நடந்தவரை நினைந்தனர். புகைப்படமும் ஒரு சுவடே. உங்கள் தாயின் முகத்திலிருந்து புறப்பட்ட ஒளி பதிந்த சுவடு. மலர் வைப்பதில் குற்றமில்லை. படத்தின் பின்புறத்தில் அவர் பெயரையும் ஊரையும் செய்த தொழிலையும் மை கொண்டு எழுதிவையுங்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் அது யாரோ ஒரு கிழவியின் படமாகிவிடக் கூடாது.

1878-ல் அம்மையார் ஒருமுறை இங்கிலாந்து சென்று மீண்டார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மலைநாட்டில் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் நோயுற்று, 1879 ஜனவரி 26-ஆம் நாள் காலமானார். பலகணி வழியே வானத்தை நோக்கி, அழகைக் குறிக்கும் ஒரு சொல்லைக் கூறி உயிர்நீத்தார் என்பது குடும்பத்தார் வழி வந்த செய்தி. கணவர் 1880-ல் மறைந்தார். பிரெஷ்வாட்டர் வீடு பின்னாளில் அம்மையாரின் நினைவுக்குரிய அருங்காட்சிச் சாலையாயிற்று. அவருடைய தமக்கை தங்கையர் வழியில் பேர்த்தி முறையுடைய எழுத்தாளர் வர்ஜீனியா உல்ப், 1926-ல் அவர் படங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டபோது, மறந்திருந்த உலகம் மீண்டும் அவரை நினைத்தது. மேரி ஹில்லியர் அதன்பின்னும் பத்தாண்டு வாழ்ந்து 1936-ல் மறைந்தார்.

தம்பதியர் இருவரும் அடக்கமானது பொகவந்தலாவையில் தூய மரியாள் கோவிலின் கல்லறைத் தோட்டத்தில். ஸ்ரீபாத மலைக்கு யாத்திரை செல்லும் நம்மவர் ஹட்டன் நிலையத்தில் இறங்கி, டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியா நோக்கிச் செல்வர். நோர்வூட்டில் பிரியும் மற்றொரு பாதை பொகவந்தலாவைக்குப் போகிறது. காப்பி அழிந்தபின் அம்மலைகளெங்கும் தேயிலை நட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் அம்மையாரின் பெயர் பொறித்த கல் உள்ளது. சுற்றியுள்ள சரிவுகளில் கொழுந்து பறிப்போர் தமிழ் பேசுவர். யாத்திரிகர் இறங்கி நின்று அவர்களோடு பேசினால், எந்தச் சீமையிலிருந்து தம் பாட்டனார் வந்தாரென்று சொல்லக்கூடியவர் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.